பூஜையில் வைத்த ஸ்விட்ச்

செப்டம்பர் 1, திங்கள்

என் நாற்காலியில் ஒரு பழைய பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. ஆறு மாதப் பிரசவ விடுப்பு முடிந்து போகிறேன், மாலை மரியாதை ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியையாவது காலியாக வைத்திருக்கலாம். ரிஸ்வான் ஓடி வந்து தூக்கிக் கீழே வைத்தான்.

"சாரிக்கா, டோனர் மாத்தலாம்னு வெச்சேன்."

நான் லீவில் போனபோது என் வேலைக்கு எடுத்த ஆள் இவன். பொள்ளாச்சிக்காரன். கெட்டவன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது.

கம்ப்யூட்டரைத் திறந்து, மில்லின் நெட்வொர்க்கைத் தாங்குகிற மெயின் ஸ்விட்சுக்குள் நுழைந்தேன். என் பாஸ்வேர்டு வேலை செய்கிறது. ஆனால் எல்லாவற்றையும் பார்க்கத்தான் முடிகிறது, எதையும் மாற்ற முடியவில்லை. நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தின மாதிரி. எங்கள் ஐ.டி. மேனேஜர் லோகநாதன் சாரிடம் போய்க் கேட்டேன்.

"அதுங்களா, லீவுல இருக்கறவங்களுக்கு அக்சஸ் குறைக்கிறது வழக்கந்தானுங்க வாணி. மெதுவாப் பாத்துக்கலாம். இப்பத்தான வந்திருக்கீங்க. கொஞ்ச நாளைக்கு ஹெல்ப்டெஸ்க் பாருங்க. டென்ஷன் இல்லாத வேலை."

"டென்ஷன் வேண்டாம்னு நான் கேக்கலையே சார்."

"எல்லாத்தையும் கேட்டாத்தான் செய்யணும்ங்களா?" என்று சிரித்தார்.

பாப்பாவுக்குப் பால் எடுக்க மில்லில் இடமில்லை. லேடீஸ் பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் கழன்று விழுந்துவிட்டது. உள்ளே பூட்டிக்கொள்ள முடிகிற ஒரே அறை சர்வர் ரூம். அந்தச் சாவி இன்னும் என் கொத்தில் இருக்கிறது, அதைக் குறைக்க மறந்துவிட்டார்கள். ரேக்குக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டிமேல் உட்கார்ந்து பம்ப் வைத்தேன். மெஷின் சத்தத்தில் பம்ப் சத்தம் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு நான்கு தடவை போன் பண்ணினேன். கடைசித் தடவை அத்தை சொன்னார்: "அம்மிணி, புள்ள நல்லாத்தான் தூங்கிட்டிருந்தா. உன்ற போன் சத்தத்துலதான் முழிச்சுக்கிட்டா. மறுக்கா பண்ணாத சாமி."

செப்டம்பர் 2, செவ்வாய்

பாப்பா நன்றாக இருக்கிறாள். எனக்கும் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, சலித்து டப்பாவில் போட்டாயிற்று. பம்பின் மெல்லிய குழாயைக் கழுவத் தனியாக ஒரு பிரஷ் வாங்கினேன், பல்குச்சி அளவுக்குத்தான் இருக்கிறது, நுனியில் மட்டும் மயிர். அதை எங்கே வைத்தேன் என்று தேடியே அரை மணி போகிறது. இனிமேல் ஹேண்ட்பேக்கில் ஜிப் வைத்த அறைதான் அதற்கு.

மில்லின் மெயின் ஸ்விட்ச் என்பது ஒரு பெட்டி. கேட்டில் விரல் வைக்கிற வருகை மெஷின், பில் போடுகிற கம்ப்யூட்டர், ஸ்பின்னிங் மெஷின்களின் கணக்கு, காமிரா எல்லாவற்றின் ஒயரும் கடைசியில் அதில்தான் வந்து சேர்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அதை ரேக்கில் ஏற்றி, ஒயர்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டியது நான். அந்த லேபிள்களில் இருப்பது என் கையெழுத்து.

தினமும் இரண்டு தடவை அதற்குப் பக்கத்தில் உட்காருவதால், பால் இறங்குகிற நேரத்தில் போனில் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கத்தானே அனுமதி. அதன் நினைவகம் நாளுக்கு நாள் நிரம்பிக்கொண்டே போகிறது. வாங்கியதைத் திருப்பி விடுவதே இல்லை. முழுசாக நிரம்பினால் அப்படியே உறைந்து நிற்கும்.

ரிஸ்வானைக் கேட்டேன். "ஆமாங்க்கா, மாசத்துக்கு ஒருக்கா நின்னுரும். மாரப்பண்ணன் வந்து பிளக்கைப் புடுங்கிச் சொருகுவாரு. சரியாயிரும்."

மாரப்பண்ணன் மெயிண்டனன்ஸ் போர்மேன். மில்லில் ஓடாத எதற்கும் அவருடைய முதல் வைத்தியம் அதுதான்.

இது ஸ்விட்சுக்குள் ஓடுகிற மென்பொருளின் குறை. அந்த மென்பொருள் முழுவதையும் ஒரே கோப்பாக வைத்திருப்பார்கள், அதற்கு இமேஜ் என்று பெயர். இந்தக் குறையைச் சரி செய்து புது இமேஜ் வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஏற்றத்தான் ஆளில்லை. நான் ஆளாக இருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர் தரணி சொன்னார்: "அந்த சர்வர் ரூம்ல போயி உக்காராத வாணி. ஏசி குளிரு. உனக்குச் சளி புடிச்சா பாப்பாவுக்கும் புடிக்கும்."

சர்வர் ரூம் விஷயத்தை இவரிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தரணி ஷட்டில் விளையாடப் போயிருக்கிறார். லோகநாதன் சாரும் அதே கிளப்தான். பாப்பாவின் சட்டைகளைத் துவைத்தேன். எல்லாம் சின்னதாகிவிட்டன, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து மடித்ததில் காலை போய்விட்டது. பிப்ரவரிச் சட்டை, மே மாதச் சட்டை. ஏப்ரலில் என்ன போட்டிருந்தாள் என்றே ஞாபகம் வரவில்லை. இந்த டைரியிலும் ஏப்ரல் காலியாகத்தான் இருக்கிறது. வெயில் அதிகம், எழுதவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

லோகநாதன் சாரிடம் இன்று கேட்டே விட்டேன். கதவைத் தட்டி, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து.

"சார், மெயின் ஸ்விட்ச் இன்னும் ஒரு வாரத்துல நின்னுரும். புது இமேஜ் ஏத்தணும். நானே ஏத்தறேன்."

"ஓடற வண்டியில எதுக்குங்க கை வெக்கணும்?"

"ஓடலைங்க சார், தள்ளிட்டிருக்கோம்."

அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார். "மெஷின் ஓடற நேரத்துல ஸ்விட்சை நிறுத்த முடியாது. நெட்வொர்க் வேலைன்னா ராத்திரி வேலை. பச்சக் குழந்தைய வெச்சுக்கிட்டு நீங்க எப்படிங்க வருவீங்க? அதான் யோசிச்சேன். ரிஸ்வானை நெட்வொர்க்குக்கு நிரந்தரமாப் போட்டரலாம், நீங்க ஹெல்ப்டெஸ்க்கே பாத்துக்குங்க. தீபாவளிக்கு அப்புறம் ஆர்டர் போட்டர்றேன். உங்களுக்கும் நிம்மதி."

என் நிம்மதியைப் பற்றி எல்லோரும் எவ்வளவு கவலைப்படுகிறார்கள்.

வாய் தானாகப் பேசிற்று. "பகல்லயே மில்லு முழுசா நிக்கிற நாள் ஒண்ணு இருக்குங்களே சார். ஆயுத பூஜை. எல்லா மெஷினும் நிக்கும். காலைல பூஜை முடிஞ்சதும் ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள முடிச்சுருவேன்."

அவர் முகத்தில் ஒரு மாதிரி. 'பூஜையில வெச்சதைத் தொடுவாங்களா?' என்று அந்த முகமே கேட்டது. வாயால் கேட்டது வேறு: "சரியா வரலைன்னா? மறுநாள் விஜயதசமி, காலைல முதல் ஷிப்ட் ஓடணும்."

"சரியா வரலைன்னா ஹெல்ப்டெஸ்க் ஆர்டரை நானே டைப் பண்ணித் தர்றேன். வந்துச்சுன்னா நெட்வொர்க் என்னுது."

வெளியே வந்தவள் என் மேஜைக்குப் போகாமல் எதிர்ப் பக்கம் நடந்துவிட்டேன். காலையில் சாப்பிடவில்லை, அதனால்தான்.

செப்டம்பர் 17, புதன்

தரணி: "ஆயுத பூஜை அன்னிக்கு எதுக்கு மில்லுக்குப் போற? எல்லாரும் வீட்ல இருக்கற நாளு."

சொல்லியிருப்பேன். தூக்கம் குறைந்தால் ஞாபகம் போகும் என்று எங்கோ படித்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

நான் சொன்ன ஒரு வாரம் சரியாக இருந்தது. மதிய ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஸ்விட்ச் உறைந்துவிட்டது. வருகை மெஷின் வேலை செய்யாமல் கேட்டில் பெண்கள் வரிசையாக வெயிலில் நின்றார்கள். மாரப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். வந்துவிட்டது.

"பாத்தீங்களா அம்மிணி, படிச்ச வைத்தியம் எல்லாம் இதுக்கு வேண்டியதில்லீங்க."

"மாசாமாசம் இதே வைத்தியம் பண்ணுனா அது வைத்தியமாண்ணா?"

லோகநாதன் சாருக்கு முதலாளி வீட்டிலிருந்து போன். பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஆயுத பூஜை அன்னிக்கே பண்ணுங்க. அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் முழு அக்சஸ் தர்றேன்."

மாரப்பண்ணன் விடவில்லை. "சார், பூஜைல வெச்ச ஆயுதத்தை மறுநாள்தானுங்க எடுக்கோணும். நான் இந்த மில்லுல ஸ்பானரைக் கூட எடுத்ததில்லீங்க அன்னிக்கு."

நான் கேட்டேன்: "அண்ணா, போன வருசம் பூஜையை முதலாளி மகன் எங்கிருந்து பாத்தாரு?"

"சிங்கப்பூர்லருந்துங்க. வீடியோவுல. நம்ம பையன் ஒருத்தன் போனைப் புடிச்சுக்கிட்டே நின்னான்."

"அந்த வீடியோ எந்தப் பொட்டி வழியாப் போச்சு?"

யோசித்தார்.

"எல்லா ஆயுதமும் ஓய்வெடுக்கறப்ப இது ஒண்ணு மட்டும் பூஜையையே சுமந்துக்கிட்டு நிக்குதுண்ணா. இந்த வருசம் பூஜை முடிஞ்சதும் கொஞ்ச நேரம் அதை நிறுத்தி வெக்கறேன். நீங்க சொல்ற ஓய்வு அதுக்கும் கிடைக்கட்டும்."

ரிஸ்வான் சிரிப்பை அடக்க இருமினான். மாரப்பண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும் நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அது சம்மதமா திட்டா என்று தெரியவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பாப்பாவுக்குக் கீழ் ஈறு வீங்கியிருக்கிறது. பல் வரப்போகிறது. எதைக் கண்டாலும் கடிக்கிறாள், என்னையும்.

புது இமேஜை இறக்கினேன். இறங்கிய கோப்பும் ஸ்விட்ச் கம்பெனி வைத்திருக்கிற கோப்பும் ஒன்றுதானா என்று சரிபார்த்தேன். திருப்பியும் பார்த்தேன். பாப்பா மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிற மாதிரியே பார்க்கிறேன் என்று எனக்கே தோன்றியது. பழைய இமேஜை அழிக்கப் போவதில்லை. புதுசு ஏறாவிட்டால் பழையதற்குத் திரும்ப வழி வேண்டும்.

கூடவே வந்த குறிப்பில் ஒரு வரி: முதல் தடவை புது இமேஜில் எழும்பும்போது, ஸ்விட்ச் தன் அடிப்படை மென்பொருளையும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அதிக நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தினால் ஸ்விட்ச் நிரந்தரமாகச் செத்துவிடும்.

ஆகலாம். 'லாம்' எழுதுகிறவனுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விட்டான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தரணி ஷட்டில் முடித்து வந்தார். முகம் சரியில்லை. "முடியலைன்னா விட்டுரு வாணி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. லோகநாதன் நல்ல மனுசன்."

"முடியலைன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"சொல்லல. சும்மா சொன்னேன்."

மாவு புளித்துவிட்டது. நாளைக்குப் பணியாரம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அத்தையிடம் நாளைய பாட்டில்களை வரிசையாகக் காட்டினேன். எது முதல், எது அடுத்தது, எவ்வளவு சூடு. அத்தை கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் சொன்னார்: "ரெண்டு பெத்தவ நானு. போயி வேலையப் பாரு."

தூங்கியாக வேண்டும். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

எங்கே ஆரம்பிப்பது. பாப்பா தூங்கிவிட்டாள், இப்போதுதான் உட்கார்ந்தேன். கையில் இன்னும் சந்தன வாசம்.

காலையில் மில்லுக்குள் நுழைந்ததும் காதுக்குள் என்னவோ குறைந்தது. மெஷின் சத்தமே இல்லை. தறிகெட்டு ஓடுகிற அந்த இரைச்சல் நின்றால் மில் இவ்வளவு பெரிய கட்டடம் என்று தெரிகிறது. ஒவ்வொரு மெஷினுக்கும் வாழைக்கன்று, மாவிலை, செவ்வந்தி மாலை. பொரியும் கடலையும் கூடை கூடையாக. எல்லோரும் புதுத்துணி. நான் மட்டும் பழைய சுடிதார், கேபிளுக்குள் தவழ வேண்டியிருக்குமே.

சர்வர் ரூம் பூஜைதான் கடைசி. நான் மடிக்கணினியை ஸ்விட்சின் கன்சோல் ஓட்டையில் ஒயர் போட்டு இணைத்து வைத்திருந்தேன். நெட்வொர்க் முழுசாகச் செத்தாலும் ஸ்விட்ச் என்ன சொல்கிறது என்று அந்த ஒரு ஓட்டை வழியாக மட்டும் பார்க்கலாம். நோயாளி வாயைத் திறக்காதபோது நாடி பிடிக்கிற மாதிரி.

பூஜைக்கு முன்னால் போனை சார்ஜில் போட வெளியே போனேன். திரும்பி வந்தபோது கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி மகன் போன் திரையில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்விட்சின் நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். என் ஒயரைக் காணோம். அழகாகச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தது.

"மாரப்பண்ணா, ஒயரை எடுத்தீங்களா?"

"பொட்டு வெக்க இடமில்லைங்க அம்மிணி. அந்த ஓரத்துலதான் ஒயர் கூட்டமில்லாம இருந்துச்சு. வருசா வருசம் அங்கதானுங்க வெக்கறது."

பொட்டு வைத்த இடம் கன்சோல் ஓட்டை. போன வருடச் சந்தனம் உள்ளே கல்லாகி இருந்திருக்கிறது. ஒயரை நான் காலையில் அழுத்திச் சொருகியதில் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அதன்மேல் ஈரச் சந்தனம் வேறு. ஒயர் உள்ளே போகவில்லை.

அப்போதே நிறுத்திச் சுத்தம் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. மார்பில் பால் கட்ட ஆரம்பித்திருந்தது, எல்லாம் முடித்துவிட்டுப் பால் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். நெட்வொர்க் வழியாகத்தான் உள்ளே இருக்கிறோமே, கன்சோல் எதற்கு என்று நினைத்தேன். என் திட்டத்தில் முதல் வரியே கன்சோல்தான். நான் எழுதிய வரியை நானே தாண்டினேன்.

பூசணிக்காய் உடைத்து முடித்தார்கள். எல்லோரும் பொரிப் பையோடு கேட்டுக்குப் போனார்கள். இமேஜ் ஏற்கெனவே உள்ளே இருந்தது. அடுத்த தடவை புதுசில் எழும்பு என்று கட்டளை கொடுத்தேன். சேமித்தேன். மறுபடி எழும்பச் சொன்னேன்.

ஸ்விட்சின் விளக்குகள் அணைந்தன. மின்விசிறி ஒரு தடவை அலறி அடங்கியது. ஒரே ஒரு விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில்.

காத்திருந்தோம், நானும் ரிஸ்வானும். வழக்கமாக எழும்புகிற நேரம் தாண்டியது. இன்னும் ஆரஞ்சு. ரிஸ்வான் நகத்தைக் கடித்தான். "அக்கா, வழக்கம் போல நின்னுருச்சோ?"

"இல்ல."

"எப்படிக்கா தெரியும்?"

தெரியாது. அதுதான் உண்மை. உறைந்து நின்றாலும் அதே ஆரஞ்சு, உள்ளே வேலை நடந்தாலும் அதே ஆரஞ்சு.

லோகநாதன் சார் வேகமாக வந்தார், பின்னாலேயே மாரப்பண்ணன். "வாணி, காமிரா எல்லாம் கருப்பா இருக்குன்னு சிங்கப்பூர்லருந்து கூப்பிடறாருங்க. என்ன ஆச்சு?"

"எழும்பிட்டிருக்கு சார். முதல் தடவை நேரமாகும்."

"எவ்வளவு நேரம்?"

"சொல்ல முடியாது சார்."

"சொல்ல முடியாதா? மாரப்பா, புடுங்கிச் சொருகு."

மாரப்பண்ணன் குனிந்து பிளக்கில் கை வைத்தார். நான் எழுந்து அவருக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. என் முதுகு ரேக்கில் இடித்தது.

"கை வெக்காதீங்கண்ணா. இப்ப நிறுத்துனா இது செத்துரும். மறுபடி வராது."

"போன வாரம் நான்தானுங்க எழுப்புனேன்."

"போன வாரம் தூங்கிட்டிருந்துச்சு. இப்ப ஆபரேஷன்ல இருக்கு."

லோகநாதன் சாருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "இதுக்குத்தானுங்க நான் வேண்டாம்னேன்! உங்க வீட்டுக்காரர் ஜூலைலயே சொன்னாரு. புள்ள பொறந்ததுக்கு அப்புறம் ரொம்ப அழுதுட்டிருந்தா, டென்ஷன் தாங்க மாட்டா, லேசான வேலையாக் குடுங்கன்னு. அவர் பேச்சையே நான் கடைசி வரைக்கும் கேட்டிருக்கணும்."

ரிஸ்வான் தரையைப் பார்த்தான். மாரப்பண்ணன் கூடக் கையை எடுக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார். சுடிதாரின் முன்பக்கம் ஈரமாகிக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

"அழுதேன் சார்," என்றேன். "ஏப்ரல் முழுக்க அழுதேன். இப்ப அழுவல. மாரப்பண்ணா, பிளக்கை விடுங்க."

விட்டார்.

ஹேண்ட்பேக்கைத் திறந்து ஜிப் அறையிலிருந்து அந்தப் பிரஷை எடுத்தேன். முதலுதவிப் பெட்டியில் ஸ்பிரிட் இருந்தது. பிரஷை நனைத்து ஓட்டைக்குள் விட்டுச் சுழற்றினேன். மஞ்சளாக, சிவப்பாக, கட்டி கட்டியாக வந்தது. ரிஸ்வான் போனில் டார்ச் அடித்துப் பிடித்தான். "என்ன பிரஷுக்கா இது?" என்றான். "பால் பம்ப் பிரஷ்" என்றேன். டார்ச் ஒரு நொடி ஆடிவிட்டு நேரானது.

ஒயரைச் சொருகினேன். டிக் என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன். திரையில் எழுத்து வந்தது. அடிப்படை மென்பொருள் மாற்றப்படுகிறது, மின்சாரத்தை நிறுத்த வேண்டாம். அதற்குக் கீழே புள்ளிகள், ஒன்று ஒன்றாக.

மடிக்கணினியை லோகநாதன் சார் பக்கம் திருப்பினேன். படித்தார். மாரப்பண்ணனுக்காக ரிஸ்வான் சத்தமாகத் தமிழில் சொன்னான். மாரப்பண்ணன் பிளக்கைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஒரு நிமிசத்துல கொன்னுருப்பனுங்களே அம்மிணி."

புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. பிறகு மின்விசிறி மறுபடி அலறியது. ஆரஞ்சு பச்சையானது. லேபிள் ஒட்டிய ஒயர்களுக்கு மேலே ஒவ்வொரு விளக்காகப் பச்சை. லோகநாதன் சாரின் போன் அடித்தது. "வந்துருச்சுங்களா? ஆமாங்க, ஆமாங்க, நம்ம டீம்தானுங்க" என்று பேசிக்கொண்டே வெளியே போனார்.

மற்றவர்களையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு பால் எடுத்தேன். இரண்டு பாட்டில் நிறைந்தது. பாட்டில் மூடியை இரண்டு தடவை கோணலாகத் திருகினேன். சாப்பிட்டிருந்தேன். அதனால் இல்லை.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

முதல் ஷிப்ட் ஓடியது. வரிசையில் யாரும் நிற்கவில்லை.

நேற்று வந்ததும் கேட்கவில்லை. இன்று சாயங்காலம் தரணி பாப்பாவின் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏங்க, ஜூலைல லோகநாதன் சார்கிட்ட என்ன சொன்னீங்க?"

கை நின்றது. மறைக்கவில்லை, அந்தளவுக்கு நல்லவர். "உனக்காகத்தான் சொன்னேன் வாணி. பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு நீ அழுதது எனக்குக் கேக்கலைன்னு நினைச்சியா?"

"கேட்டுதில்ல? அப்ப அந்தக் கதவைத் தட்டியிருக்கணும். மில்லுக் கதவை எதுக்குத் தட்டுனீங்க?"

சமையலறையில் மிக்ஸி சத்தம் நின்றது. அத்தைக்கும் கேட்க வேண்டியிருந்தது போல.

"பயமா இருந்துச்சு," என்றார். "என்ன பேசறதுன்னு தெரியல."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை ஏப்ரலிலேயே இரண்டு பேரும் ஒரே அறையில் சொல்லியிருக்கலாம். சொன்னேன். அவர் மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தார். ஆனால் நான் அதோடு விடுவதாக இல்லை.

"இனிமே என் வேலையப் பத்தி ஏதாச்சும் சொல்லணும்னா என்கிட்டச் சொல்லுங்க. ஷட்டில் கோர்ட்டுல வேண்டாம். என் நம்பர் உங்ககிட்ட இருக்கு."

"சரி."

"இன்னொண்ணு. அடுத்த மாசம் ராத்திரி வேலை வரும். அன்னிக்கு நீங்கதான் பாப்பாவுக்குப் பாட்டில் பாலைச் சூடு பண்ணிக் குடுக்கணும். அத்தை இல்ல. நீங்க."

"பாட்டில் எவ்வளவு சூடு?" என்றார்.

உள்ளேயிருந்து அத்தை: "வா, காட்டறேன். ரெண்டு பெத்தவ நானு."

அக்டோபர் 6, திங்கள்

பல் வந்துவிட்டது. அரிசி முனை அளவு. ஸ்பூனால் தட்டினால் டிக் என்கிறது.

நினைவகம் ஐந்து நாளாக அதே அளவில் நிற்கிறது. வாங்கியதைத் திருப்பி விடுகிறது. "அந்த அக்சஸ் அப்படியே இருக்கட்டும்ங்க" என்று லோகநாதன் சார் போகிற போக்கில் சொன்னார். ஹெல்ப்டெஸ்க் ஆர்டர் பற்றிப் பேச்சில்லை. சாயம் போடுகிற டையிங் யூனிட்டில் இருக்கிற இரண்டு ஸ்விட்சும் பழைய இமேஜில்தான் ஓடுகின்றன, அது ராத்திரி வேலை, ரிஸ்வானை வேண்டுமானால் என்று இழுத்தார். "நானும் ரிஸ்வானும் வர்றோம் சார். லேடீஸ் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளும் வேணும்" என்றேன். எழுதிக்கொண்டார்.

பிரஷைக் கொதிக்கிற தண்ணீரில் எத்தனை தடவை போட்டும் சந்தன வாசம் போகவில்லை. பாப்பாவுக்குப் புதுசு வாங்கிவிட்டேன். பழையதை இன்று மில்லுக்குக் கொண்டுபோய், கன்சோல் ஒயரோடு சேர்த்து ரேக்கில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு லேபிளும் ஒட்டினேன், என் கையெழுத்தில்: வேலை தொடங்குமுன் ஓட்டையைச் சுத்தம் செய்யவும்.

மாரப்பண்ணன் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வருடம் பொட்டை எந்த இடத்தில் வைக்கலாம் என்று விரலால் காட்டச் சொன்னார். காட்டினேன்.

லோகநாதன் சாரும் வந்தார். பிரஷைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது என்ன பிரஷ் என்று அவருக்குத் தெரியும். ஏதாவது சொல்லட்டும் என்று நின்றேன்.

லேபிளைக் கடைசி வரை படித்துவிட்டுத் திரும்பிப் போனார். அதுவரை நான் நகரவில்லை.